2009 மாசியில் நாங்கள் எங்கே இருந்தோம்

2019 மாசி மாதத்தில் (எங்கள் வழக்கில் தை ஜனவரி, மாசி பெப்ரவரி, மற்ற மாதங்களும் இப்படியே) ஒரு நாள், இரவு பத்து மணி இருக்கும், ஒட்டாவாவில் இருந்து என் பெறாமகன் வைபரில் எடுத்தான். வழமையாகச் சாப்பிட்டீங்களா, கால் நோ எப்படி என்று தொடங்குகிறவன், அன்றைக்கு நேரே கேட்டான்: "பெரியம்மா, 2009 மாசி மாசம் நாங்கள் எங்கை இருந்தனாங்கள்?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அந்த மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் தேதி சொல்லிக் கதைப்பதில்லை. "ஏனப்பன், இப்ப என்னத்துக்கு அது?" என்றேன்.

"வேலைக்கு ஒரு போம் நிரப்ப வேணும். பத்து வருசமா இருந்த விலாசம் முழுக்கக் கேக்கிறாங்கள். ஒரு மாசமும் விடுபடக் கூடாதாம்."

2019 இல் இருந்து பத்து வருடம் பின்னால் எண்ணிப் பாருங்கள். அந்தப் படிவம் எங்கே போய் நிற்கிறது என்று வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இலங்கையின் வடக்கில் இறுதிப் போர் நடந்த மாதங்களில்.

தம்பி என்று நான் கூப்பிடும் இவன் என் தங்கச்சியின் மகன். அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது தங்கச்சி நோயில் போய்விட்டாள். தகப்பன் அதற்கு முன்பே கனடா. பிள்ளை கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் என் கையில்தான் வளர்ந்தான். 2013 இல் தகப்பனின் ஸ்பொன்சரில் போய், அங்கே கணினி வலையமைப்புப் படித்து, ஒட்டாவாவில் ஒரு அரச திணைக்களத்தில் வேலை எடுத்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனை வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தார்கள். அந்தப் பிரிவுக்கு "இரகசியம்" என்ற மட்டத்தில் பாதுகாப்பு அனுமதி (கிளியரன்ஸ்) வேண்டும். அதற்கான படிவம்தான் அது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்றைக்கு இப்படியான வேலைகளுக்குத் தகுதியாக இருக்கிறார்கள். ஆனால் விலாசப் பக்கத்தைக் கண்டதும் மூடிவைத்துவிடுகிறார்கள் என்று தம்பி சொன்னான். அவனும் மூடிவைக்கத்தான் பார்த்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கிளியரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்ட பாஸுக்கு நின்றவர்கள், பிணைக்கு ஆள் தேடியவர்கள், பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வரும் வரை வவுனியாவில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். எங்கள் அனுபவத்தில் அந்தச் சொல் மனிசரை மறித்து வைக்கிற சொல். தம்பி விளக்கிய பிறகுதான் இது வேறு விதமானது என்று விளங்கியது. அரசின் கோப்பு ஒன்றை இந்த ஆளிடம் நம்பிக் கொடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். ஆளின் கடந்த காலத்துக்குத் தண்டனை கொடுக்கிற வேலை இல்லை அது.

கனடாவில் அரச ஆவணங்களை இரண்டு கூறாகப் பிரிக்கிறார்கள். வெளியே போனால் ஒரு தனி மனிதருக்கோ நிறுவனத்துக்கோ பாதிப்பு வரக்கூடியவை "பாதுகாக்கப்பட்டவை". அதில் ஏ, பி, சி என்று மூன்று படி. நாட்டின் நலனுக்கே பாதிப்பு வரக்கூடியவை மற்றக் கூறு. பாதிப்பு வரும் என்றால் மந்தணம், பாரதூரமான பாதிப்பு என்றால் இரகசியம், மிக மிகப் பாரதூரம் என்றால் அதி இரகசியம். ஆட்களுக்கும் அதற்கேற்ற படிகள் உண்டு. அடிப்படை "நம்பகத் தகுதி". அதற்கு 5 வருடம் பின்னால் பார்ப்பார்கள்: ஆள் அவர்தானா, படிப்பு, வேலை, கடன் வரலாறு, கைரேகை வைத்துக் குற்றப் பதிவு. தம்பி வேலையில் சேர்ந்தபோதே அதை எடுத்துவிட்டான். இரகசியம், அதி இரகசியம் இரண்டுக்கும் 10 வருடம் பின்னால் போவார்கள். 330-60 என்ற இலக்கமுள்ள நீண்ட படிவம் அதற்குத்தான். அது கனடியப் பாதுகாப்புப் புலனாய்வுச் சேவைக்குப் போகும். அவர்கள் நாட்டுக்கு விசுவாசமாக இருப்பாரா, நம்பலாமா என்று பார்த்து ஆலோசனை சொல்வார்கள். கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வேலை கொடுத்த திணைக்களம்.

அனுமதி கிடைத்தாலும் எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்க முடியாது. தன் வேலைக்கு எது தேவையோ அது மட்டும்தான். இது எனக்கு உடனே பிடிபட்டது. ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனையோ தடவை சாதாரண தரப் பரீட்சைக்கு மேற்பார்வையாளராகப் போயிருக்கிறேன். முத்திரையிட்ட வினாத்தாள் பொதி கைக்கு வரும். யார் கொடுத்தது, யார் எடுத்தது, எத்தனை மணி என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால்தான் உடைக்க வேண்டும். மேற்பார்வையாளர் என்பதற்காக நாளைய வினாத்தாளை இன்றைக்குத் தொட முடியாது. இன்னொன்றும் உண்டு: சொந்தக்காரப் பிள்ளை அந்த மண்டபத்தில் எழுதினால் முதலே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேறு மண்டபம் தருவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் இருந்து பிறகு தெரிய வந்தால் உத்தியோகத்துக்கே ஆபத்து. தம்பிக்கு இந்த உதாரணத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சரி, விலாசத்துக்கு வருவோம்.

மூன்று இரவு தொலைபேசியில் இருந்தோம். பழைய சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் மாதம், மறு பக்கத்தில் இடம் என்று கோடு போட்டேன். ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதத் தொடங்கினால் இருவருக்கும் இரண்டு கதை வந்தது. தர்மபுரத்தில் ஒரு மாதம் இருந்தோம் என்றேன் நான். இரண்டு கிழமைதான் என்றான் அவன். அப்புறம்தான் எல்லோருக்கும் தெரிந்த தேதிகளை முதலில் போட்டுவிட்டு, இடையில் எங்களைப் பொருத்துவோம் என்று யோசித்தோம். கிளிநொச்சி விழுந்தது தை 2. நாங்கள் அதற்கு முன்னரே வட்டக்கச்சியை விட்டுத் தர்மபுரத்தில் இருந்தோம். சுதந்திரபுரம் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது தை 21. அந்த அறிவித்தலைக் கேட்டுத்தான் விசுவமடுவில் இருந்து வெளிக்கிட்டோம். மாத்தளன் கரையோரத்தை இரண்டாவது வலயமாக அறிவித்தது மாசி 12. அப்போது நாங்கள் தேவிபுரத்தில். ஆனால் அங்கே எவ்வளவு நாள் இருந்தோம்?

அதைச் சொல்லித் தந்தது ஒரு பிள்ளை. தேவிபுரத்தில் எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்துப் பங்கரில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. சுடுதண்ணீர் வைக்கப் பானை இல்லாமல் எங்கள் சோற்றுப் பானையைக் கொடுத்தேன். அந்தப் பெண் இப்போது தர்மபுரத்தில் இருக்கிறாள். அடுத்த நாள் அவளுக்கு எடுத்து, மகளின் பிறந்த தேதி என்ன என்று கேட்டேன். "மாசி 17, ரீச்சர். பத்து வயசாகப் போகுது, ஏன் கேக்கிறியள்?" என்றாள். கொப்பியில் மாசி 17 க்கு நேரே தேவிபுரம் என்று எழுதினேன். அந்தக் குழந்தைக்கு முப்பத்தொன்று கழியும் முன்பே இரணைப்பாலைக்குப் போனதும் ஞாபகம் வந்தது. அங்கிருந்து மாத்தளன். மாத்தளனில் இருந்து வெளியே வந்தது சித்திரை 20. அந்தத் தேதியை ஒருவரும் மறக்க முடியாது. கிளிநொச்சி, ஓமந்தை, செட்டிக்குளம். அங்கே இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாமில் இராமநாதன் முகாம். 2010 இல் மீள்குடியேற்றம், திரும்பவும் வட்டக்கச்சி.

படிவத்தில் வீட்டு இலக்கம், தெரு, தபால் குறியீடு என்று பெட்டிகள் இருக்கும். தேவிபுரத்தில் பனைக்குக் கீழே கட்டிய தறப்பாளுக்கு என்ன இலக்கம்? தம்பி முதலில் அந்த நாலு மாதத்தையும் ஒன்றாக்கி "முல்லைத்தீவு" என்று ஒரு சொல்லில் எழுதப் பார்த்தான். அப்படி எழுதாதே என்று தடுத்தேன். பெட்டிக்குள் ஊரும் மாவட்டமும் எழுதி, "இணைப்பைப் பார்க்க" என்று போட்டு, தனியாக ஒரு தாளில் ஒவ்வொரு இடமாக எழுதினான்: தற்காலிகத் தறப்பாள் கொட்டகை, தேவிபுரம், போர் இடம்பெயர்வு, வீட்டு இலக்கம் இல்லை, தேதி அண்ணளவானது. இன்ன தேதிக்கு இன்னது ஆதாரம் என்றும் பக்கத்தில் குறித்தான். நாங்கள் செய்தவற்றில் மிகச் சரியானது அந்த "அண்ணளவானது" என்ற சொல்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். தெரியாத நாளைத் தெரிந்ததுபோல் திட்டமாக எழுதினால், பிறகு ஒரு நாள் இன்னொரு தாளில் வேறு தேதி வந்து நிற்கும். அண்ணளவு என்றால் அண்ணளவு.

ஆதாரத்துக்கு வருவோம். ஒரு சொப்பிங் பை என்னிடம் இருக்கிறது. வட்டக்கச்சியில் இருந்து மாத்தளன் வரை அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றுகள், காணி உறுதி எல்லாம் அதற்குள். பிறகு முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, நிவாரணக் காட், தம்பி 2009 மார்கழியில் முகாமில் இருந்து எழுதிய சாதாரண தரப் பெறுபேறு என்று கூடிக்கொண்டே வந்தது. நிவாரணக் காட்டில் அவன் பெயரும் வயதும் இருந்தன. மை கொஞ்சம் பரவியிருந்தாலும் வாசிக்கலாம். இவற்றைப் படம் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றுவித்து அனுப்பினேன்.

விதானையாரிடமும் (கிராம சேவகர்) போனேன். இப்போது இருப்பவர் 2009 இல் எங்கள் பிரிவில் இருந்தவர் இல்லை. அவரிடம் போய், "மாத்தளனில் இருந்தது என்று எழுதித் தாங்கோ" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? சிலர் அப்படித்தான் நெருக்குகிறார்கள். தன் பதிவில் உள்ளதைத்தான் அவர் உறுதிப்படுத்தலாம்: 2010 க்குப் பிறகு இந்தக் குடும்பம் இங்கே பதியப்பட்டிருக்கிறது, இந்தப் பிள்ளை இந்த வீட்டில் இருந்தான் என்று. அவ்வளவையும் அழகாக எழுதித் தந்தார். கரைச்சிப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கினேன். 2009 இன் முதல் நாலு மாதத்துக்கு நானே சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தேன். பொலிஸ் தலைமையகம் கொடுக்கும் நற்சான்றிதழ் அவனிடம் முன்பே இருந்தது. ஆனால் அந்த நாலு மாதத்துக்கு அது எதைச் சொல்லும்? நாங்கள் இருந்த இடங்களில் அப்போது இலங்கைப் பொலிஸ் நிலையமே கிடையாது.

எல்லாம் சரிவந்த மாதிரி இருந்தபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. 2012 இல் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை வவுனியாவில் ஒரு முகவரைக் கொண்டு நிரப்பினோம். அவர் முகாமையும் இடம்பெயர்வையும் எழுதவே இல்லை. பிறந்த நாளில் இருந்து 2012 வரை வட்டக்கச்சி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். "முகாம் எண்டு எழுதினா ஆயிரம் கேள்வி வரும்" என்று அவர் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. தம்பிக்கு அப்போது 19 வயது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தான். பக்கத்தில் இருந்த நானும் வாசிக்கவில்லை. இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு வினாவை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னவள் நான்.

இப்போது அரசாங்கத்தின் கையில் ஒரே ஆளுக்கு இரண்டு கதை. தம்பி நடுங்கிப்போனான். குடிவரவு விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டால் குடியுரிமைக்கே கேள்வி வரலாம். அவனுடைய கூட்டாளி ஒருவன், பழையதையே புதிய படிவத்திலும் எழுது, இரண்டும் பொருந்தும், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று புத்தி சொன்னான். மூன்று நாள் தம்பியும் அந்தப் பக்கமே சாய்ந்து நின்றான். நான் சண்டை பிடித்தேன். "நீ மாத்தளனில் இருக்கேல்லை எண்டு எழுதினா, அங்கை செத்த சனத்தையும் பாக்கேல்லை எண்டுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையான வார்த்தைதான்.

கடைசியில் ஒட்டாவாவில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் போனான். காசு செலவுதான், ஆனால் போகவேண்டிய இடம் அது. இந்த இடத்தில் மட்டும் ஊர்ப் புத்தி, உறவுப் புத்தி ஒன்றும் கேட்காமல் சட்டம் தெரிந்தவரிடம் போங்கள். பழைய விண்ணப்பத்தில் என்ன பிழை, யார் நிரப்பியது, தான் ஏன் வாசிக்காமல் கையெழுத்திட்டான் என்று ஒரு கடிதம் எழுதி, கேட்கும் முன்னரே படிவத்தோடு வைக்கச் சொன்னார் அவர். அப்படியே செய்தான்.

இன்னொரு விஷயத்தை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். எழுதுகிறேன். என் மூத்தவன் 2008 ஐப்பசியில் இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளிடம், போனான். 2009 வைகாசிக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இயக்கத்தைக் கனடா 2006 சித்திரையிலேயே பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. படிவம் தாய் தகப்பன், சகோதரங்கள், மணமுடித்த வழி உறவுகள் என்று நெருங்கிய உறவைத்தான் கேட்கிறது. பெரியம்மாவின் மகனைக் கேட்கவில்லை. ஆனால் நேர்காணல் என்று ஒன்று வந்தால் கேட்பார்கள் என்று தம்பிக்குத் தெரியும். என்னை நோகப் பண்ணாமல் எப்படிச் சொல்வது என்று அவன் சுற்றிச் சுற்றி வந்தான். நானே சொன்னேன்: "கேட்டால் சொல்லு. எனக்கொரு அண்ணா இருந்தவன் எண்டு சொல்லு. அவனை இல்லையெண்டு சொல்லி ஒரு வேலை எங்களுக்கு வேண்டாம்."

2019 ஐப்பசியில் திணைக்களத்தின் பாதுகாப்பு அதிகாரி அவனை நேரில் கூப்பிட்டார். இரகசிய மட்டத்துக்கு எல்லோரையும் இப்படிக் கூப்பிடுவதில்லை. இரண்டு கதை இருந்ததால் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தது. இடம்பெயர்வைப் பற்றிக் கேட்டபோது, என் சத்தியக்கடதாசியை விட வேறு ஒரு தாள்தான் உதவியது. 2014 தையில் கிளிநொச்சியில் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அமர்வு நடந்தது. என் மகனைப் பற்றிச் சொல்லப் போனபோது, அவனை எங்கெங்கே கடைசியாகக் கண்டோம் என்று எழுதிக் கொண்டுபோனேன். அதில் நாங்கள் இருந்த ஒவ்வொரு ஊரும், கூட இருந்தவர்களின் பெயரும் இருக்கிறது. தம்பியின் பெயரும்தான். பிரதி பைக்குள் இருந்தது. கனடாவில் ஒரு வேலை என்ற எண்ணமே இல்லாத காலத்தில், வேறொரு காரணத்துக்காக எழுதியது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவன் படிவத்தில் எழுதியதும் அதுவும் ஒன்றாக இருந்தன. அந்த அதிகாரி அந்தத் தாளின் மொழிபெயர்ப்பை நிறைய நேரம் வாசித்தாராம். பிறகு அண்ணாவைப் பற்றிக் கேட்டாராம். தம்பி உள்ளதைச் சொன்னான். தான் அப்போது 15 வயதுப் பிள்ளை என்றும் சொன்னான்.

என் மகனைத் தேடி எழுதிய தாள் தங்கச்சி மகனுக்கு வழி திறந்தது. இதை நினைக்கும்போது எனக்கு வருகிற உணர்வுக்குப் பெயர் தெரியவில்லை. ஆனால் இங்கே இருக்கிற தாய்மாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீங்கள் எந்த ஆணைக்குழுவுக்கும் எந்த அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தவற்றின் பிரதிகளை எறியாதீர்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் வாழ்க்கையும் அதற்குள் எழுதியிருக்கிறது.

நேர்காணலில் தம்பி எதிர்பாராமல் மாட்டிய இடம் காசு. எனக்கு எப்படிக் காசு அனுப்புகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் உண்டியலில் அனுப்பினான். கடையில் காசைக் கொடுத்தால் அடுத்த நாள் இங்கே கொண்டுவந்து தருவார்கள், எங்கள் சனத்துக்கு அது சாதாரணம். ஆனால் துண்டு கிடையாது, கணக்கு கிடையாது. காசு யாரிடம் போனது என்று காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை. நல்லகாலம், அந்தக் காசில் நான் கிணறு கட்டினேன். பரந்தனில் சீமெந்தும் கம்பியும் வாங்கிய பில்கள் ஒரு ஆணியில் குத்தித் தொங்கின. அவற்றையும் கிணற்றின் படத்தையும் அனுப்பினேன். அன்றைக்குப் பிறகு வங்கியால் மட்டும்தான் காசு வருகிறது. இப்படியான வேலைக்குப் போக எண்ணம் இருக்கிற பிள்ளைகள், போம் வரும்வரை காத்திராமல் இன்றைக்கே வங்கிக்கோ பதிவுள்ள நிறுவனத்துக்கோ மாறுங்கள். சீட்டுக் கட்டுவதும் அப்படித்தான். யாருக்காவது கடனுக்குப் பிணை நின்றிருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

ஏன் காசைத் துருவுகிறார்கள் என்று அவனுக்கு முதலில் எரிச்சல். காரணம் இருக்கிறது. ஜெஃப்ரி டிலைல் என்ற கனடியக் கடற்படை அதிகாரி 2007 இல் தானே ஒட்டாவாவில் இருந்த ரஷ்யத் தூதரகத்துக்குள் நடந்து போய், இரகசியங்களை விற்பதற்கு ஒத்துக்கொண்டார். மாதத்துக்குச் சுமார் 3000 டொலர். 2012 இல் பிடிபட்டு, 2013 இல் 20 வருடச் சிறை. அவருக்குக் குடும்பத்திலும் காசிலும் நெருக்கடி இருந்தது. கடன் இருப்பது குற்றமில்லை. அந்தக் கடனை வைத்து வேறொருவர் ஆளை வளைக்க முடியுமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். மறைத்து வைத்த எதையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்: வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவரைப் பயமுறுத்தலாம். ஏற்கெனவே சொல்லிவிட்டவரை என்ன சொல்லிப் பயமுறுத்துவது?

அவன் காத்திருந்த அதே 2019 இல், புரட்டாதியில், கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யின் புலனாய்வுப் பிரிவுத் தலைவர்களில் ஒருவரான கமரன் ஓர்ட்டிஸ் கைதானார். மிக உயர்ந்த அனுமதி வைத்திருந்தவர். 2024 இல் அவருக்கு 14 வருடத் தண்டனை கிடைத்தது. "இவ்வளவு பாத்தும் இப்பிடி நடக்குதே, எங்களைப்போல ஆக்களை இனி விடுவாங்களா?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்தேன்.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடாதது ஒன்று: காசு கொடுத்தால் கிளியரன்ஸ் எடுத்துத் தருவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதைத் தனி ஆள் விண்ணப்பித்து எடுக்கவே முடியாது. வேலை கொடுக்கிறவர்தான் கேட்க வேண்டும். அது ஆளோடு ஒட்டிய பட்டமும் இல்லை, வேலையோடு வருவது. மறுத்தால் எழுத்தில் அறிவிப்பார்கள். தேசியப் பாதுகாப்பு மற்றும் புலனாய்வு மீளாய்வு முகமை என்று 2019 இல் அமைத்த ஒரு அமைப்பு இருக்கிறது, அங்கே 30 நாளுக்குள் முறையிடலாம். சட்டத்தரணி இதைச் சொன்ன பிறகுதான் தம்பி ஓரளவு நித்திரை கொண்டான்.

மற்ற நாட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் பெரும்பாலும் 5 வருடம் அங்கே இருந்திருந்தால் நடு மட்டத்துக்குப் போகலாம், அதற்கு மேலே என்றால் 10 வருடம் பார்ப்பார்கள். அவுஸ்திரேலியாவில் அடிப்படைக்கு 5, அதற்கு மேல் 10, குடியுரிமை இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் குடியுரிமை வேண்டும். அங்கே 13 விடயங்களை வைத்து ஆளை முழுமையாகப் பார்ப்பார்கள், படிவத்தில் தெரிந்துகொண்டே பொய் எழுதுவது அங்கே தனிக் குற்றம். ஆகவே நாடு எதுவென்று பார்த்து, எத்தனை வருடம் பின்னால் போகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். இப்போது விண்ணப்பிக்கிற பலருக்கு அந்த எண்ணிக்கை 2009 வரை போகாது. ஆனால் குடிவரவுத் தாள்களில் பழைய பிழை இருந்தால் அது எத்தனை வருடம் போனாலும் அங்கேயே இருக்கும். உங்கள் விண்ணப்பத்தின் பிரதியை எடுத்து ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

2020 ஆனியில் ஒரு காலை, இங்கே கொரோனா ஊரடங்கு தளர்ந்த கிழமை, தம்பி எடுத்தான். "கிடைச்சிட்டுது பெரியம்மா." அழுதானா சிரித்தானா தெரியவில்லை. என்ன வேலை இனி என்று கேட்டேன். "அது சொல்லேலாது" என்றான். சரி, கேட்கவில்லை. பரீட்சை மேற்பார்வைக்குப் போய் வீட்டுக்கு வந்த நாட்களில் நானும் அவனுக்கு ஒன்றும் சொன்னதில்லை. கலியாணம் செய்தால் அறிவிக்க வேண்டுமாம். வட்டக்கச்சிக் காணியை அவன் பெயருக்கு எழுத நான் யோசித்திருந்தேன். அதையும் எழுதும் முன் தனக்குச் சொல்லச் சொன்னான்.

இரகசிய மட்டத்து அனுமதி 10 வருடத்துக்குச் செல்லும். 2030 இல் திரும்ப ஒரு படிவம் வரும். அது 2020 இல் இருந்துதான் கேட்கும். எல்லாம் ஒட்டாவா விலாசம், இலக்கம், தெரு, தபால் குறியீடு எல்லாம் இருக்கும். தேவிபுரமும் இரணைப்பாலையும் மாத்தளனும் இனி எந்தப் படிவத்திலும் வராது என்று தம்பி சொன்னான். அவனுக்கு அது ஆறுதல்.

நான் பையைக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சி.ஆர். கொப்பியும் அதற்குள்தான். போன கிழமை தர்மபுரத்துப் பிள்ளை தாயோடு வந்திருந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து, மாசி 17 க்கு நேரே இருக்கிற ஊரை அவளுக்குக் காட்டினேன்.